ஏழு வருஷம் நனையாத தூண்டில்

மலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவனுக்கு மலையில் வேலை இருக்குமே தவிர, மலை இருக்காது.

எண்பதுகளில் ஏழு வருஷம், திண்டிவனத்திலிருந்து கொடைக்கானல் போகும் ஒரு டூரிஸ்ட் வேனில் நான் கைடு. கைடு என்பது முதலாளி வைத்த பெயர். மூட்டை ஏற்றுவது, அடுப்பு மூட்டுவது, மலை வளைவுகளில் எலுமிச்சம்பழம் நீட்டுவது, தொலைந்த செருப்பைத் தேடுவது, எல்லாம் முடிந்தபின் திட்டு வாங்குவது, இவைதான் வேலை. கல்யாணச் சமையல்காரராகவோ பஸ் கண்டக்டராகவோ ரேஷன் கடையில் எடை போடுகிறவராகவோ இருந்து ஜனங்களிடம் அல்லல்பட்டவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தூண்டில் போட்டு, ஒரு மீனாவது பிடித்து ஊருக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர் ஏரியில் நான் பிடிக்காத கெண்டை இல்லை. அதனால் ஒரு மூங்கில் தூண்டிலைப் பழைய போர்வையில் சுற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் வைத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மலை இறங்குவேன். கிழிக்க வைத்த புண்ணியவான்கள் சிலரை இங்கே சொல்கிறேன். சொன்னாலாவது வயிற்றெரிச்சல் அடங்குகிறதா பார்க்கலாம்.

மல்லாட்டைத் தோல்

வேன் விக்கிரவாண்டியைத் தாண்டவில்லை, பின் சீட்டிலிருந்து 'படக் படக்' என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு குடும்பம் அரை மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து எடுத்து வந்திருந்தது. உரித்த தோலெல்லாம் கீழே. திருச்சி வரும்போது வேனுக்குள் செருப்பு புதைகிற அளவுக்குக் குவிந்துவிட்டது.

மலை ஏறியதும் எல்லோரும் ஏரியைப் பார்க்கப் போனார்கள். நான் துடைப்பத்தோடு வேனுக்குள் குனிந்துகொண்டிருந்தேன். ஈரத் தோல் தரையோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. பெருக்கி முடித்து நிமிரும்போது பொழுது போய்விட்டது. ஒரு காகிதப் பையில் போட்டிருக்கக் கூடாதா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். என்னைப் பார்த்து உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

"நாங்க குப்பை போடலன்னா உனக்கு இங்க என்னா வேலைப்பா?"

மதகைத் தேடியவர்

பிரம்மதேசம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்திருந்தார். சொந்தமாக நிலம், சொந்தமாகக் கிணறு. முகத்தில் எதற்கும் மசியாத ஒரு கண்டிப்பு. அன்றைக்கு என் அதிர்ஷ்டம், எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள். போர்வையைப் பிரித்துத் தூண்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். வழக்கம்போல் ஒரு தடவை தலையை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது.

படகில் இல்லை. டீக்கடையில் இல்லை. குதிரைக்காரர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. தண்ணீரில் விழுந்திருந்தால் அவர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஏரியைச் சுற்றி ஓடினேன். அது ஏதோ குட்டை இல்லை, சுற்றிவர இரண்டு மூன்று மைல். கடைசியில் மறுகரையில் கண்டுபிடித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையோரப் புதரை விலக்கி விலக்கிப் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கத்தினேன். மதகைத் தேடினாராம். என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம்.

"இம்மாந் தண்ணிய நிறுத்தி வச்சிக்கினு ஒரு காணி நெலத்துக்குக் கூட பாயலன்னா, இத்தப் போயி எதுக்குங்க ஏரின்றீங்க?"

தூண்டில் இரை

கெண்டைக்கு என் கைப்பக்குவம் தனி. கேப்பை மாவும் மல்லாட்டைப் புண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்து, மணத்துக்குத் துளி வெல்லம் தட்டிப் போட்டு, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வாழை இலையில் கட்டி எடுத்துப் போவேன். எங்கள் பக்கம் கேப்பையும் மல்லாட்டையும் வெல்லமும் இடித்து உருட்டுகிற சிமிலி உருண்டையைப் பார்த்தவர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும்.

அந்தத் தடவை ஒரு ரிட்டயர்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். விடியற்காலை எல்லோரும் தூங்கும்போதே ஏரிக்குப் போய்விடலாம் என்று எழுந்து பொட்டலத்தைத் தேடினால், அவர் வேன் படியில் உட்கார்ந்து கடைசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். இலையில் ஒரு பொடி மிச்சமில்லை. அது மாட்டுக்குப் போடுகிற புண்ணாக்கு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அங்கேயே மயக்கம் போடுவார், அதற்கும் நான்தான் டாக்டரைத் தேடி ஓட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ருசி நல்லாத்தான் கீது, உங்க வூட்ல வெல்லத்தத்தான் பாத்துப் பாத்துப் போடறாங்க."

பனி மூட்டம்

ஒரு தடவை இரண்டு நாளும் பனி. நீட்டின கை தெரியவில்லை. தூறல் வேறு. எல்லோரும் அறைக்குள் முடங்கிவிட்டார்கள். எனக்கோ இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் விழுப்புரத்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் அரை மணிக்கு ஒரு தரம் வெந்நீர் கேட்டார், கதவைச் சாத்தச் சொன்னார், திறந்து பனி போய்விட்டதா பார்க்கச் சொன்னார். போகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதலாளிக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டார், ஏரியைக் கைடு சரியாகக் காட்டவில்லை என்று.

பனிக்கு நான் என்ன செய்வேன் என்று முதலாளியிடம் கேட்டேன். ஏழு வருஷமாக அவர் வேனைப் பெருக்கியவன் கேட்கிறேன். கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். அடுத்த மாசத்திலிருந்து வேன் கோயில்களுக்குத்தான் போகும், மலை டூர் இன்னும் ஒரு தடவையோடு சரி என்றார்.

"சாமியாவது எடத்த விட்டு நவராது, அத்தயாவது ஒழுங்கா காட்டு."

கடைசி வாளி

கடைசி டூரில் பாதிப் பேர் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தார், மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு நயினாரும் அவர் உறவினர்களும். என் சர்வீஸில் நான் கையெடுத்துக் கும்பிட்ட பாசஞ்சர்கள் அவர்கள் மட்டும்தான். சத்தம் இல்லை, குப்பை இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது அவர்கள் வழக்கம். மற்றவர்களும் அவர்களோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டதால் அன்றைக்கு ஐந்து மணிக்கெல்லாம் என் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இந்தத் தடவை இரையை டிரைவரின் டூல்ஸ் பெட்டியில் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தேன். யாரும் தின்னவில்லை.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தூண்டில் நனைந்தது. கால் மணி நேரத்தில் இழுத்தது பாருங்கள், இரண்டு கிலோவுக்குக் குறையாத கெண்டை! ஊர் வரைக்கும் உயிரோடு கொண்டுபோக வேண்டும் என்று வாளியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டேன். வாலை மடக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. நயினார் சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று வாளிக்குள் பார்த்தார். அப்போதுதானா வேனிலிருந்து ஒரு அலறல் வர வேண்டும்? யாருடைய ஸ்வெட்டரோ கதவில் மாட்டிக்கொண்டதாம். "அஞ்சு நிமிஷம் இதக் கொஞ்சம் பாத்துக்கங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஈ எறும்புக்குக் கூடத் துன்பம் நினைக்காத மனுஷனிடம் மீனை ஒப்படைத்த முட்டாள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்தபோது வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது. நயினாரின் சால்வை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை எட்டி உதைத்தேன், அது உருண்டுபோய் ஏரியில் விழுந்தது. அவர் கோபப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"பாத்துக்கச் சொன்னீங்களே தம்பி, பாத்துக்கினுதான் இருந்தேன், அதுக்கு மேல பாக்க முடியல."

ஏழு வருஷம் ஊரையே மலைக்கு அழைத்துப் போய்ப் பத்திரமாக வீட்டில் விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு புகாரும் சொல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தது அந்தக் கெண்டை ஒன்றுதான்.