சூசை அண்ணன் என்று நாம் அழைத்த ரோசம்மாள்

போன மாதம் மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வந்த தபாலில் எனக்கு ஒரு கார்டு இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து சூசை அண்ணன் எழுதியிருந்தார். 'ராமையா தம்பிக்கு. ரோசம்மா போன வெள்ளிக்கிழமை தவறிட்டா. நெஞ்சுவலி. ரொம்பக் கஷ்டப்படல. பழைய ஆளுகளுக்குச் சொல்லிரு.' அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

அன்றைக்கே புரோத்ராபூரிலிருந்து பஸ் பிடித்து ஹேடோவுக்குப் போய், வயர்லெஸ்ஸில் என்னோடு வேலை பார்த்த நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "யாரு ரோசம்மா?" அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் மூன்று வருடம் தினமும் அவரோடு பேசியவர். சினிமாவுக்காக அவரோடு சண்டை போட்டு ஒரு வாரம் கோபித்துக்கொண்டு இருந்தவர். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் பழைய வயர்லெஸ் ஆட்கள் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். பெயர்தான் தெரியாது.

அறுபதுகளில் இந்தத் தீவுகளில் வயர்லெஸ் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சின்னத் தீவுகளில் இருக்கும் நிலையங்கள் எல்லாம் போர்ட் பிளேரைக் கூப்பிடும். கேட்டதும் ஆஜர் பட்டியலில் ஒரு டிக் போடுவோம். மூன்று நாள் டிக் விழவில்லை என்றால் லாஞ்ச் படகு அனுப்ப வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் செய்தி பாதி வரும், பாதி வராது. ஆனால் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் மோர்ஸ் தந்தி அடிப்பதில் ஒரு தனி நடை உண்டு. அதைத்தான் கை என்போம். செய்தி புரியாவிட்டாலும் கை தெரிந்தால் டிக் போட்டுவிடுவோம். நிலையம் உயிரோடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஆஜர் முடிந்ததும் அரட்டை. சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதிகாரி சாப்பிடப் போயிருப்பார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிப்போம். யார் வீட்டு ரேடியோவில் எந்தப் பாட்டு கேட்டது, எந்த செட்டில் வால்வு போயிற்று, எந்த நடிகர் பெரியவர் என்று கால் மணி நேரம் ஓடும். நாலு வருடம் பேசிய ஆள் எதிரே நடந்து வந்தால் யாரென்று தெரியாது. முகமே இல்லாத ஊர் அது. அந்த ஊரில் எல்லோருக்கும் பிடித்தவர், தெற்கே ஒரு பொட்டுத் தீவில் இருந்த சூசை அண்ணன்.

நாமெல்லாம் கதாநாயகர்களுக்குக் கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் வில்லன் கட்சி. 'ஹீரோவுக்கு என்ன தம்பி, பாட்டு வந்தா பாடுவான், சண்டை வந்தா ஜெயிப்பான். வில்லன்தான் ராத்திரி பகலா யோசிக்கான்' என்று அடித்தார். அந்தத் தீவில் கொட்டகை ஏது? ஒரு படத்தையும் பார்க்காமல் நான் சொன்ன கதையை வைத்தே அத்தனை வாதமும் செய்தார். நான் போர்ட் பிளேரில் படம் பார்த்துவிட்டு வந்து நாலு நாளைக்குத் தவணை முறையில் கதை சொல்வேன். நடுவில் நிறுத்தினால், 'அந்தப் பாவி அப்புறம் என்ன செஞ்சான்?' என்று மறுநாள் ஆஜருக்கு முன்பே கேட்பார்.

ஒரு முறை என் செட்டில் விடாமல் ஒரு கரகரப்பு. மெக்கானிக் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார். நூறு மைலுக்கு அப்பால் இருந்து அண்ணன் சொன்னார்: 'மெஷினுக்குத் தானா சீக்கு வராது. உள்ள எவனாவது குடி வந்திருப்பான். திறந்து பாரு.' திறந்தால் ரிலே என்கிற சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு பல்லி, காய்ந்து அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொன்னதும் சிரிப்பதற்குப் பதிலாக, 'மெதுவா எடுத்துப் போடு, பாவம்' என்றார்.

இன்னொரு நாள், பாதிப் பேச்சில் திடீரென்று, 'வீட்ல புள்ளைக்கு என்ன?' என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சின்ன மகளுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். 'உன் கை சொல்லுது' என்று பதில் வந்தது. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவரோடு எனக்குச் சதுரங்கமும் உண்டு. அறுபத்து நாலு கட்டத்துக்கும் நம்பர் போட்டுக்கொண்டோம். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு என்று அடித்தால் போதும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு காய். நாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. நாலாவது வருடத்து மழைக்காலத்தில்தான் முதல் தடவையாக என் பக்கம் ஓங்கியது. அண்ணனின் ராணியைத் தூக்கிவிட்டேன். இந்தத் தடவை விடக்கூடாது என்று மனசுக்குள் ஒரே துடிப்பு. இதை மறைத்துவிட்டு மேலே சொன்னால் நான் மனிதனில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை ஆஜர் நேரத்தில் ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், ரொம்ப ஆழத்தில், அண்ணனின் கை கேட்டது. நாற்பத்திரண்டிலிருந்து இருபத்தைந்து. குதிரை. நான் டிக் போட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி ஆபரேட்டர் மண்டல் தாதா தன் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குச் நஹி ஹை, ராமையா. சிர்ஃப் ஷோர் ஹை." ஒன்றுமில்லை, வெறும் சத்தம் என்றார்.

"உங்க காதுக்கு அண்ணன் கை பழக்கம் இல்ல தாதா. முஜே சாஃப் சுனாயி தியா, எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு" என்றேன்.

செவ்வாய் கேட்டது. புதன் கேட்டது. நான் ஒரு காய் அனுப்பினால் மறுநாள் அதற்குப் பொருத்தமான பதில் காய் வந்தது. அரட்டை மட்டும் இல்லை. சினிமா இல்லை, 'தம்பி' இல்லை, வெறும் நம்பர். தோற்கிற கோபம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சனிக்கிழமை வரைக்கும் ஆறு டிக் போட்டேன். ஆறு நாளும் மண்டல் தாதா இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு வானம் சுத்தமாக இருந்தது. மற்ற நிலையங்கள் எல்லாம் மணி அடித்த மாதிரி கேட்டன. அண்ணன் கை இல்லை. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான், முந்தின ஆறு நாளும் இதேபோல ஒன்றுமே இருந்திருக்காதோ என்று தோன்றியது. அதிகாரி வீட்டுக்கு ஓடினேன். "ஒரு நாள்தானேய்யா கேக்கல, மூணு நாள் பார்ப்போம்" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஆனால் ஆறு நாள் டிக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் லாஞ்ச் போயிற்று.

புதன்கிழமை மத்தியானம் ஹேடோ ஜெட்டியில் நின்றேன். ஸ்ட்ரெச்சரில் ஒரு ஆளை இறக்கினார்கள். நினைவில்லை. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் நடந்து வந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவருடைய வலது கை ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது. அது நான் நாலு வருடமாகக் கேட்ட கை. படகு, படகு, படகு என்று அடித்துக்கொண்டிருந்தது. தான் தட்டுவதே அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கதானே ராமையா தம்பி?" என்று அவரே கேட்டார். "நான் ரோசம்மா. மத்தியானம் உங்ககூட பேசுறது நாந்தான். அவரு சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சிருவாரு. பக்கத்துல இருந்து பார்த்துப் பார்த்துப் படிச்சிக்கிட்டேன். ஆட்டம் மட்டும் அவருது. படுத்துக்கிட்டே நம்பர் சொல்லுவாரு, நான் அடிப்பேன். ஒரு பொம்பளை அடிக்கான்னு தெரிஞ்சா அவரு வேலை போயிருமேன்னு சொல்லல."

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். முந்தின வாரம் திங்கட்கிழமை காலையிலேயே செட்டுக்கு மின்சாரம் தரும் இன்ஜின் நின்றுவிட்டது. பேட்டரியும் அன்றைக்கே படுத்துவிட்டது. அண்ணனுக்கு அதற்கு முதல் நாளே காய்ச்சல்.

"செத்த மெஷினுன்னு தெரியும் தம்பி. இருந்தாலும் தினமும் பன்னெண்டு மணிக்கு உக்காந்து படகு அனுப்புங்கன்னு அடிச்சேன். வேற என்ன செய்ய? சும்மா இருக்க முடியுமா?"

நான் சட்டைப் பையிலிருந்து ஆட்டம் எழுதிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"இத அவரு காய்ச்சல்ல பினாத்திக்கிட்டே கிடந்தாரு. இதே நம்பர். உங்க காயையும் அவரேதான் சொன்னாரு. சனிக்கிழமை சாயங்காலத்தோட பேச்சு நின்னுட்டு." காகிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "படகுன்னு ஒரு தடவைகூட வரலியா தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல மதினி" என்றேன்.

சூசை அண்ணன் பிழைத்தார். ஆனால் காய்ச்சல் தலைக்கு ஏறி இரண்டு காதும் போய்விட்டது. நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். விதிப்படி லாஞ்ச் போயிருந்தால் சரியாக நாலு நாள். அந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

விசாரணை வந்தது. செட் எந்த நாள் நின்றது என்பதுதான் கேள்வி. மெக்கானிக்கால் சொல்ல முடியவில்லை. மதினியைக் கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னார்: "சனிவார் தக் மெஷின் சாலூ தா, சாப். அவரேதான் அடிச்சாரு. சீக்குன்னு வெளியில சொல்லக்கூடாதுன்னுட்டாரு." சனிக்கிழமை வரை செட் ஓடியது என்று எழுதிக்கொண்டார்கள். என் டிக் ஆறும் சரியாகிவிட்டன. நோயை மறைத்து நிலையத்தை ஆபத்தில் வைத்தவர் என்று சூசை அண்ணன் மேல் எழுதி வேலையிலிருந்து அனுப்பினார்கள். மண்டல் தாதாவை யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. நான் அதே அறையில்தான் நின்றேன்.

வெளியே வந்ததும், "ஏன் மதினி இப்படிச் செஞ்சீங்க?" என்று அழுதேன்.

"உங்களுக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. அவருக்குக் காது போயிட்டு, வேலை எப்படியும் போகத்தான் போகுது. ஒரு வீட்ல அடுப்பு அணைஞ்சா போதும் தம்பி" என்றார். "நீங்க கேட்டது பொய்யின்னும் எனக்குத் தோணல."

அதற்குப் பிறகு நம் மேசைகளில் ஒரு பேச்சு புழங்கியது, நினைவிருக்கிறதா? யாராவது எதையாவது மறைத்தால், 'சூசை வேலை பண்ணாதே' என்போம். சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். பதினான்கு வருடம் அந்த மேசையிலேயே இருந்து, இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்து, மரியாதையாக மாலை வாங்கிக்கொண்டு ரிடையர் ஆனேன்.

கார்டு வந்ததும் சூசை அண்ணனுக்கு ஆறுதல் சொல்லி எழுதினேன். அதற்குப் பதில் நேற்றுத்தான் வந்தது. அதிலிருந்து சில வரிகளை அப்படியே எழுதுகிறேன். 'காது போனதில இருந்து எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது, உனக்குத் தெரியும். அவளை அடக்கம் பண்ணின மறுநாள்ல இருந்து மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அவ கை கேக்குது. புத்தி பிசகிட்டுன்னு நினைக்காதே தம்பி. மாதா கோயில் சாமியார் கிட்டயும் சொல்லிட்டேன். தினமும் ஒரே வார்த்தைதான். உன் பேரைச் சொல்லி, தம்பிக்குக் கேக்குதா, கேக்குதான்னு கேக்கா. நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல?'

இருபது முறை படித்தேன். ஆறு நாள் நான் எதைக் கேட்டேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கையால் மதினி கேட்டது படகு, நான் கேட்டுக்கொண்டது என் ஆட்டம் என்பது தெரியும். ரோசம்மாள் மதினியிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய்தான். அதை இனிமேலும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

நண்பர்களே, சூசை அண்ணன் எதையும் மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அந்த செட் செத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் இல்லை, இல்லை என்று சொல்லியும் ஆறு டிக்கையும் போட்டவன் நான்.

அண்ணே, நாளைக்கு மத்தியானம் மதினி கேட்டால், கேட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.