தேவாலயத்தின் நிலத்தில் ஒரு வீடு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் எசன் நகரில், சொத்துப் பத்திரங்களைப் பதியும் நோட்டாரின் அலுவலகத்தில், என்னை நம்பிய ஒருவருக்கு மொழிபெயர்க்கும்போது பொய் சொன்னேன்.

ஊரில் காணியை இராணுவத்திடம் இழந்தவர். ஒல்லியான மனிதர், எங்கே போனாலும் வாசலோரக் கதிரையில்தான் இருப்பார். அன்று அவர் மாடிவீடொன்று வாங்கினார். நோட்டார் உறுதிப்பத்திரத்தை ஜெர்மன் மொழியில் உரக்க வாசித்தார்: நிலம் தேவாலயத்துடையது, குத்தகை முடிந்ததும் வீடும் தேவாலயத்துக்கே. அந்த வரியை மட்டும் நான் தமிழில் சொல்லவில்லை.

“இனி எங்களை ஒருத்தரும் எழுப்பேலாதுதானே, அண்ணை?”

“ஓம்” என்றேன். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வழக்கறிஞரிடம் கூட்டிப்போவதாகவும் சொன்னேன். அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“வேண்டாம் அண்ணை. மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

மனைவி தேநீரோடு வந்தார். “பிள்ளையளுக்கெண்டு ஒரு துண்டு நிலம் எடுத்துத் தந்தனீங்கள், அண்ணை. மறக்கமாட்டம்.”

நான் தேநீரை வாங்கிக் குடித்தேன்.