ரிட்ஜ் காட்டில் ஒரு பூகோள வகுப்பு

சுந்தரவல்லிக்குப் பூகோளம் என்றால் உயிர். தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அதைத்தான் நடத்திவந்தாள். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்குப் போனவள், செயற்கைக்கோள் எடுத்த தில்லிப் படத்தோடு திரும்பினாள். பள்ளி திறந்ததும் முதல் வேலையாக அதை மேஜைமேல் விரித்துப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்தாள்.

யமுனை கறுப்பாக இருந்தது. கட்டடங்கள் வெளிர்நீலம். மரம் செடியெல்லாம் சிவப்பு.

"பச்சை ஏன் டீச்சர் செவப்பாச்சு?" என்று கேட்டவள் பொன்னி.

"நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை இலை நிறையத் திருப்பி அனுப்பறது. அதைப் படத்துல சிவப்பாக் காட்டறா."

நகரத்தின் நடுவே சிவப்புப் பட்டையாக ரிட்ஜ் காடு கிடந்தது. பொன்னி அதன் ஓரத்தில் விரல் வைத்தாள். "எங்க ஜுக்கிக் குடிசைங்க இங்கதான். வூடு தெரியலியே?"

"அவ்வளவு சின்னதெல்லாம் இதுல விழாது."

சிவப்பெல்லாம் ஒரே மாதிரிக் காடுதானா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சுந்தரவல்லிக்குத் தோன்றியது. வன அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து அனுமதி வாங்கினாள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இரண்டு காவலர்களும் கூட வருவார்கள் என்றார்கள். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

குளிர் தொடங்கும் நாளில் போனார்கள். படத்தில் சிவப்பு அடர்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் பின்னிக் கிடந்தது. வெளிறிய இடத்தில் பாறையும் புதரும். பிள்ளைகள் கயிற்றால் மரங்களைச் சுற்றி அளந்தார்கள். படம் பொன்னியின் கையில் இருந்தது; எல்லோருக்கும் அவள்தான் இடம் சொன்னாள்.

அப்போது புதருக்குப் பின்னாலிருந்து சில பெண்கள் விறகுக் கட்டோடு வெளியே வந்தார்கள். காவலர்கள் பாய்ந்து மறித்தார்கள். முன்னால் நின்றவள் பொன்னியின் அம்மா வேலம்மாள்.

"டீச்சரம்மா, சொல்லுங்கம்மா! காஞ்ச முள்ளுதானே இது!"

"பையா, ஜானே தோ," என்று விட்டுவிடச் சொல்லி இந்தியில் கெஞ்சினாள் சுந்தரவல்லி. "இந்தப் பொண்ணோட அம்மா."

"நீங்க பசங்களைப் பாருங்க மேடம்," என்று இந்தியில் சொல்லிவிட்டுக் காவலர்கள் வேலம்மாளின் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு பெண்களை ஓட்டிப்போனார்கள். வகுப்பு முழுக்கப் பொன்னியைப் பார்த்தது. அவள் படத்தைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. சுந்தரவல்லி ஜுக்கிக்கே போனாள். வேலம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பக்கம் காவக்காரன் ஒருத்தனும் வந்ததில்லம்மா. நீங்கதான் கூட்டியாந்தீங்க. இப்ப தெனமும் வர்றான்."

"பொன்னியை மட்டும் அனுப்புங்கோ. நன்னாப் படிக்கற பொண்ணு."

"அடுப்பெரிக்க மண்ணெண்ணெய் வாங்கணுமே. ரெண்டு வூட்டு வேலைக்கு அனுப்பிட்டேன்."

சுந்தரவல்லி மறுபடி வன அலுவலகத்தில் போய் நின்றாள். சுள்ளி பொறுக்கவாவது விடக் கூடாதா என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். "காட்டைக் காப்பாத்தணும்னு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது நீங்கதானே மேடம்?"

மறு வருஷம் அந்த ஜுக்கிகளை இடித்து, ஆட்களை லாரியில் ஏற்றி யமுனைக்கு அக்கரையில் இறக்கிவிட்டார்கள். செய்தி கேட்ட ஞாயிற்றுக்கிழமை, கணவர் வைத்தியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கோடு கிழித்த மனைகள், தார்ப்பாய்க் கூரைகள், எங்கும் தூசி. பொன்னி, வேலம்மாள் என்று வாசல் வாசலாகக் கேட்டாள். கடைசியில் ஒரு கிழவர் சொன்னார்: "தமிழாளுங்க பாதிப் பேரு இங்க எறங்கவே இல்லம்மா. எங்க போனாங்களோ."

"போதும், வா. இருட்டப்போறது," என்றார் வைத்தி.

அடுத்த பஸ் வரும்வரை அவள் அந்தக் கூரை வரிசைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.