களத்துமேடு ஸ்டாப்

எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம். ஒரகடத்துக்கு வந்து நாலு வருஷத்தில் ஐந்து ரூம் மாறினோம். ஐந்தாவது ரூம் ஏரியை ஒட்டிய தெருவில். காற்று நன்றாக வரும். எனக்குப் பிடித்திருந்தது.

தொல்லை, நான் வேலை பார்க்கும் கம்பெனியின் பஸ்தான். எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். நிற்காது. ஸ்டாப் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கூட்டு ரோட்டில். காலை ஷிப்டுக்கு நாலரைக்கே கிளம்பி இருட்டில் நடக்க வேண்டும். நாய் துரத்தும். ஒரு நாள் கெண்டைக்காலில் கடித்தே விட்டது.

என் வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனி, ராத்திரி ஷிப்டு. "காலி பண்ணிருவோம். சுங்குவார்சத்திரத்துல ரூம் பாக்கேன்" என்றார்.

"இனிமே மூட்டை கட்ட மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்."

"பெறகு என்னதான் செய்யப் போற?"

"பஸ்ஸ நிப்பாட்டப் போறேன்."

சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

டிரைவரிடம் கேட்டேன். "ஸ்டாப்பு இல்லாத எடத்துல நிறுத்துனா என் வேலை பூடும்மா. ஆபீஸ்ல கேளு."

ஆபீஸில் வண்டி பார்க்கும் சார் நிமிரவே இல்லை. "ஒரு ஆளுக்கெல்லாம் ஸ்டாப் கிடையாது. எட்டுப் பேர் ஏறணும்."

எங்கள் தெருவில் அந்தக் கம்பெனிக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். ஆனால் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரை நானே கூட்டி வருவது என்று முடிவு செய்தேன்.

அதுவரை அந்தத் தெருவில் யாரோடும் பேசியதில்லை. ஷிப்டு, சமையல், தூக்கம். எனக்குப் பேச்சு வராது. கதவைத் தட்ட வரும். தட்டினேன்.

முதலில் எதிர் வீடு. எருமை வைத்திருக்கும் அக்கா. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க நெலத்து மேலதான் கம்பெனியே கீது. அதுல போயி நான் டப்பா ஒட்டணுமா?"

"ஆமா. சம்பளம் வாங்கிட்டு ஒட்டுங்க."

"மாட்ட யாரு பாப்பா?"

"மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம். காலையில அண்ணன் கறக்கட்டும்."

"அவரா? மாடு ஒதைக்கும் அவர." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இதுல உனக்கு இன்னா லாபம்?"

"நாய் கடிக்காது."

காலைக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். மறுநாளிலிருந்து அவரும் கூட வந்து கதவு தட்டினார். என்னைவிடச் சத்தமாகத் தட்டினார்.

ஒரு வீட்டில் மாமியார் விரட்டினார். ஒரு வீட்டில் படிப்பு பத்தாது என்று பயந்தார்கள். "நானே எட்டாவதுதான்" என்றேன். மூன்று வாரத்தில் அக்காவோடு ஏழு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஸ்டாப் கிடைக்கும்வரை எட்டுப் பேரும் கூட்டு ரோடு வரை சேர்ந்து நடந்தோம். நாய்கள் ஓரமாக நின்று பார்த்தன.

ஒரு சனிக்கிழமை எட்டுப் பேரும் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். சார் இந்தத் தடவை நிமிர்ந்தார்.

"ஸ்டாப் பேரு?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் குடியிருந்த இடத்துக்குப் பேர் தெரியாமல் நின்றேன். பின்னாலிருந்து அக்கா சொன்னார்.

"களத்துமேடுன்னு எழுதிக்க சார். இவளும் களத்துமேடுதான்."

திங்கட்கிழமை பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, ஊரையே இட்டாந்துட்ட?" என்றார். முதலில் நான் ஏறினேன்.

இரண்டு மாசம் போனது. ஒரு நாள், காய்ச்சல் விட்ட அசதியில் தூங்கிவிட்டேன். வீடு இருட்டாக இருந்ததால் நான் முன்னாடியே போய்விட்டதாக அக்கா நினைத்திருக்கிறார். போன் சத்தத்தில்தான் எழுந்தேன்.

"எங்கடி கீற? வண்டி வந்துட்சி."

"நீங்க போங்கக்கா. நான் இப்பத்தான் முழிச்சேன்."

"வாய மூடிக்கினு வா. வண்டி போவாது."

முகம் கழுவாமல் ஓடினேன். தெருமுனையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அக்கா ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில் வைத்து, கம்பியைப் பிடித்தபடி நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"டைம் ஆவுது, ஏறும்மா!"

"எங்க ஊரு ஆளு ஒண்ணு வர்து. அவசரம்னா என் கால் மேல ஏத்திக்கினு போ."

ஏறினேன். எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ஒருத்தி சீப்பு கொடுத்தாள். ஒருத்தி ஜன்னலோரம் இடம் விட்டாள். நாலு வருஷத்தில் எனக்காக யாரும் ஒரு நிமிஷம் நின்றதில்லை. அன்றைக்கு ஒரு பஸ்ஸே நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "இனிமே ரூம் பாக்க வேண்டாம்" என்றேன்.

"யாரு பாத்தா?" என்றார்.