கார்ல் விழுந்த திங்கட்கிழமை

1. தெரியும் என்று சொன்ன நாள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்றியல் டவுன்டவுனில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே விற்றது எல்லாம் பழைய காகிதம். தபாலட்டைகள், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள், எக்ஸ்-லிப்ரிஸ் என்கிற சின்னச் சீட்டுகள். எக்ஸ்-லிப்ரிஸ் என்பது புத்தகத்தின் அட்டைக்கு உட்புறம் சொந்தக்காரர் தன் பெயரோடு ஒட்டிவைக்கும் சித்திரம். ஆந்தை, விளக்கு, கப்பல் என்று ஆளுக்கொன்று.

முதலாளி ஜெறார்ட் அறுபது வயதுக்காரர். அவர் பிரெஞ்சும் இங்கிலீசும் கலந்து பேசியதை என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். முதல் நாள் ஒரு கார்டை மேசையில் வைத்தார்.

“நீர் ஜேர்மனியிலை இருந்தனீராம். ஜேர்மன் வாசிப்பீரோ?”

“ஓம். நாலு வருசம் இருந்தனான்.”

“இந்தப் பழைய கையெழுத்து?”

“அதுவும் தெரியும்.”

அது பொய். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்தபோது பேச்சு ஜேர்மனும் அச்செழுத்தும் பழகினேன். பழைய கையெழுத்தை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். ஆனால் கனடா வந்து எட்டு வருடம் தையல் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியவளுக்கு, கதிரையில் இருந்து செய்யும் வேலை என்றால் வாய் தானாக ஓம் என்றுதான் சொல்லும்.

அந்தக் கையெழுத்தில் e, n, u மூன்றும் ஒரே மாதிரி, மரம் அரியும் வாளின் பல்லுப் போல இருக்கும். எல்லாக் கார்டிலும் வரும் வணக்கம், நலம், ஊர்ப்பெயர் ஆகியவற்றை வைத்து எழுத்துகளைப் பிரித்து, ஒரு கொப்பியில் அட்டவணை போட்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். என் கணவர் அந்தோனி எட்டிப் பார்த்துவிட்டு, “மண்புழு ஓடின மாதிரிக் கிடக்கு. இதையோ வாசிக்கப் போறீர்?” என்றார். மூன்று மாதத்தில் பத்துச் சொல்லில் எட்டை வாசித்தேன். மீதி இரண்டையும் ஊகித்தேன்.

2. கடை

அந்தக் கடையை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது. குளிர்காலத்தில் ஹீற்றர் குழாய் டக் டக் என்று அடிக்கும். ஜெறார்ட் போடும் கோப்பி வாசமும் பழைய காகித வாசமும் ஒன்றாகக் கலந்து நிற்கும். கார்டை ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும். விலையை மெல்லிய பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதவேண்டும். பேனை கூடாது, ஒட்டுநாடா கூடவே கூடாது. ஒட்டுநாடா போட்ட கார்டைக் கண்டால் ஜெறார்ட் இழவு வீட்டுக்கு வந்தவர்போல ஆகிவிடுவார்.

அதிகம் தேடி வந்தவை முதலாம் உலகப்போர்க் காலத்து ஜேர்மன் தேசபக்திக் கார்டுகள். கடையில் அவற்றுக்கு ‘பற்றியொட்டிக்’ என்று பெயர். சக்கரவர்த்தி, ஓக் இலை, கறுப்பு வெள்ளை சிவப்புக் கொடி, சிரித்துக்கொண்டு வண்டியேறும் படைவீரர்கள். வீரர்கள் போட்ட கார்டில் முத்திரை ஒட்டியிருக்காது. அவர்களுக்குத் தபால் இலவசம். படைப்பிரிவின் வட்டச் சீல் மட்டும் இருக்கும்.

சனிக்கிழமைகளில் வால்ட்டர் வருவார். ஜேர்மனியில் பிறந்து இளமையில் இங்கே வந்து, எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பற்றியொட்டிக் மட்டும்தான் சேர்ப்பார். ஏன் இதைச் சேர்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கடை சனம் சிரிச்சுக்கொண்டு சண்டைக்குப் போனது. அதை நான் மறக்கக்கூடாது, மதாம்,” என்றார்.

3. எல்சாவின் அல்பம்

வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எல்சா என்ற எழுபது தாண்டிய பெண்மணி ஒரு தடித்த அல்பத்தோடு வந்தார். அவருடைய அம்மா ஆனா ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த அல்பம். இரண்டாம் போர் தொடங்கியதும் வீட்டில் ஜேர்மன் பேசுவதையே அம்மாவும் அப்பாவும் நிறுத்திவிட்டார்களாம். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த எல்சாவுக்கு இப்போது ஒரு சொல்லும் நினைவில்லை.

“விக்கிறதுக்கு முதல், என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ,” என்று கேட்டு என் எதிரே இருந்தார்.

பெரும்பாலும் நலம் விசாரிப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு கார்ட். ஓக் மரத்தடியில் துவக்கோடு காவல் நிற்கும் வீரன், மேலே மேகத்துக்குள் ஒரு பெண்ணின் முகம். மூலையில் வரிசை இலக்கம் நான்கு. பின்பக்கத்தை மெல்ல மெல்ல வாசித்து மொழிபெயர்த்தேன். “மதிப்புக்குரிய ஆனா, உங்கள் தம்பி கார்ல் திங்கட்கிழமை காலை விழுந்தார். அவருக்கு வலி இருக்கவில்லை. உங்கள் பொதி வந்து சேர்ந்தது. நாங்கள் பகிர்ந்து சாப்பிட்டோம்.” எழுதியவர் கார்லோடு இருந்த இன்னொரு வீரர்.

எல்சா சிரித்தார். “ஒருத்தர் விழுந்து எழும்பினதுக்கு ஒரு கார்டோ?”

பிறகு அவர் முகம் மாறியது. “இந்தக் கார்ல் மாமாவை நான் கண்டதில்லை. ஏதோ சண்டை போலை. சின்னனிலை கேட்டால் அம்மா, ‘கார்ல் வரமாட்டான்’ எண்டு மட்டும் சொல்லுவா. கடைசியா ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை ஒரு கிழமையா அவரின்ரை பேரைத்தான் கூப்பிட்டவ. அந்த மனுசன் எட்டியும் பாக்கேல்லை.”

அல்பம் முழுவதையும் விற்றுவிட்டுப் போனார். நான் அந்தக் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு துண்டில் குறிப்பு எழுதினேன்: “படைவீரர் தபால். தம்பி விழுந்த செய்தி. காயமில்லை.”

4. வால்ட்டர் கேட்ட கேள்வி

அடுத்த சனிக்கிழமை வால்ட்டர் அந்தக் கார்டைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆறு கார்ட் கொண்ட வரிசையில் அவரிடம் ஐந்து இருந்தது. நான்காவதைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். உடனே வாங்கினார். வாங்கிய பிறகுதான் திருப்பினார். இரண்டு தரம் வாசித்தார்.

“மதாம், இந்தக் குறிப்பு நீங்கள் எழுதினதோ?”

“ஓம்.”

“கார்லுக்கு வந்த பொதியை ஏன் மற்ற ஆக்கள் சாப்பிட்டவை?”

 வாசித்தபோது அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. ‘விழுந்தார்’ என்பதற்குக் கார்டில் இருந்த கெஃபாலன் என்ற ஜேர்மன் சொல் மாடிப்படியில் விழுந்தாலும் வரும். போர்க்காலத்தில் வீரனைப் பற்றி எழுதினால் அது சாவு ஒன்றைத்தான் குறிக்கும். அகதி விடுதியில் எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு. தமிழிலும் களத்தில் வீழ்ந்தான் என்றுதானே சொல்கிறோம். ஊரில் நான் எத்தனை தரம் கேட்ட சொல்.

ஜெறார்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். “பழைய எழுத்துத் தெரியும் எண்டு சொன்னனீர்,” என்றார்.

“தெரியாது. இஞ்சை வந்துதான் பழகினனான். ஊகிச்சு ஊகிச்சுத்தான் வாசிக்கிறனான்.”

“வித்தது வித்ததுதான். அவவுக்கு ஒண்டும் சொல்லாதையும். கடையின்ரை பேர் கெட்டுப்போகும்.”

வீட்டுக்கு வந்து அந்தோனியிடம் சொன்னேன். ரெஸ்டோரண்ட் கிச்சனில் நின்று களைத்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“வேலை போகுமோ?”

“போனாலும் போகும்.”

“அவ தன்ரை மாமனைத் திட்டிக்கொண்டெல்லோ இருக்கிறா. நீர் ரெலிபோனை எடும்,” என்றார்.

எடுத்தேன். விற்றவர்களின் விபரம் எழுதும் கொப்பியில் அவர் இலக்கம் இருந்தது. நான் வாசித்தது பிழை, நேரில் வந்து சொல்லவேண்டும் என்றேன். ஞாயிறு வாருங்கள் என்றார். பிறகு வால்ட்டருக்கு எடுத்து ஒரு போட்டோகொப்பி கேட்டேன். “நானும் வாறன். அந்தக் கார்டை நான் மற்ற ஆக்களின்ரை கையிலை குடுக்கிறேல்லை,” என்றார்.

5. ஞாயிற்றுக்கிழமை

எல்சாவின் அப்பார்ட்மென்ட் நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பக்கம். சேர்ச்சில் பூசை முடிந்து பனிக்குள் நடந்து போனேன். வால்ட்டர் கழுத்துப்பட்டி கட்டி வாசலில் நின்றார்.

முதலில் என் பிழையைச் சொன்னேன். அதன் பிறகு வால்ட்டர் கார்டை ஜேர்மனில் ஒரு தரம் வாசித்து, ஒவ்வொரு வரியாக விளக்கினார். கார்ல் சண்டையில் இறந்துவிட்டார். வலி இருக்கவில்லை என்று எழுதுவது அந்த நாளைய வழக்கம், அது உண்மையோ தெரியாது. இறந்தவருக்கு வரும் பொதியைக் கூட இருந்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள்.

எல்சா விரல்விட்டு எண்ணினார். “அம்மாவை விட ரெண்டு வயது இளமை. அப்ப கார்லுக்கு இருபது.”

பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஆஸ்பத்திரியிலை அம்மா கூப்பிடேக்கை, ‘அவன் உன்னைத் தேடேல்லை, நீ ஏன் அவனைத் தேடுறாய்’ எண்டு நான் அம்மாவையே ஏசினனான்.”

 நான் எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

வால்ட்டர் கார்டை மேசைமேல் எல்சாவின் பக்கம் தள்ளிவைத்தார். “இது உங்கடை.”

எல்சா அதை எடுத்து, படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருப்பி அவரிடமே கொடுத்தார்.

“எனக்குப் பிள்ளையள் இல்லை. நான் போனாப் பிறகு இது குப்பைக்குத்தான் போகும். உங்கடை அல்பத்திலை இருக்கட்டும். கீழை அவரின்ரை பேரை மட்டும் எழுதிவிடுங்கோ.”

என்னிடம், கார்டில் உள்ளதைச் சரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். வால்ட்டர் ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க, இங்கிலீசில் எழுதினேன். அதை மடித்து, அம்மாவின் படச்சட்டத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். நாங்கள் வெளிக்கிடும்போது, “கார்ல் வரமாட்டான்” என்பதை ஜேர்மனில் எப்படிச் சொல்வது என்று வால்ட்டரைக் கேட்டார். அவர் சொல்ல, தானும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

6. கேள்விக்குறி

திங்கள் காலை ஜெறார்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று என் சாமான்களை எடுத்து மேசை லாச்சியைக்கூடத் துப்புரவாக்கி வைத்திருந்தேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்தார்.

“அவ கடையைப் பற்றி என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை. கையைப் பிடிச்சு மெர்சி எண்டவ.”

 “இனிமேல் வடிவாத் தெரியாத சொல்லுக்கு முன்னாலை ஒரு கேள்விக்குறி போடும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கடையில் பிறகு ஏழு வருடம் இருந்தேன். முதல் மாதம் என் குறிப்புகளில் கேள்விக்குறிகள் பலகாரத்தில் இலையான் மொய்த்தமாதிரி இருந்தன. வாடிக்கைக்காரர் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நடந்தது வேறு. கேள்விக்குறியைக் கண்டவர்கள் நின்றார்கள், கார்டைத் திருப்பினார்கள், தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். வால்ட்டர் சனிக்கிழமைகளில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிடுவார். என் ஜேர்மனில் பாதியை நான் அப்படித்தான் படித்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படத்தைப் பார்த்து விலை போடுங்கள், ஆனால் பின்பக்கத்தை வாசிக்காமல் உறையில் போடாதீர்கள். வாசித்தது உங்களுக்கு விளங்கவில்லை என்றால், விளங்கவில்லை என்று எழுதுங்கள்.