எழுந்து நின்று அனுப்பியவர்

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஊர் ஊராக இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்து பேசிக்கொள்ளும் எங்கள் அரட்டை அறையைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் அவர் திரையில் வரிசையாகத் தெரியும். பெயரின் மேல் மவுசை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த ஆள் வெளியே. ஆனால் அமுக்குவதற்கு முன், "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க, உங்கள வெளிய அனுப்பட்டுங்களா?" என்று டைப் செய்து பதிலுக்குக் காத்திருப்பார். பிறகு விருந்தாளியை வழியனுப்புவது போல் எழுந்து நின்றுதான் அமுக்குவார்.

ஒருநாள் எவனோ உள்ளே வந்து எல்லோரையும் கண்டபடி திட்டினான். அறை மளமளவென்று காலியாகிக்கொண்டிருந்தது.

"பாதிப் பேரு ஓடிட்டாங்க, அவனைத் தூக்கி வெளிய போடுங்க!" என்று முதலாளி கத்தினார்.

"அவரு இன்னும் சரின்னு சொல்லலீங்களே" என்றார் இவர்.

பொறுக்கமாட்டாமல் பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி, நானே பொத்தானை அமுக்கிவிட்டேன்.

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "அனுப்புனது சரிதானுங்க. எந்திரிச்சு நின்னு அனுப்பியிருக்கலாமுங்க."

அன்று சிரித்தேன். இப்போது எங்கள் குடியிருப்பின் செல்போன் குழுவிலிருந்து யாரையாவது நீக்க வேண்டியிருந்தால், என்னையறியாமல் சோபாவிலிருந்து எழுந்துவிடுகிறேன்.

"ஏனுங்க, யாரு வந்திருக்காங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்.

"யாரும் வரல அம்மணி, ஒருத்தரு கெளம்பறாரு."