மேல்வெட்டு நிரை

நேற்று அம்பாங்கான் சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த ரப்பர் பாலை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் வருகிற நாற்றம் உங்களுக்குத் தெரியாது என்றால், நீங்கள் கொடுத்து வைத்தவர். பக்கத்துக் காரில் அவசரமாகக் கண்ணாடி ஏறியது. என் பக்கத்தில் இருந்த அப்பா தன் கண்ணாடியை இறக்கிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம். எனக்குப் பதினைந்து வயதில் ஒரு லாரி விபத்தில், பால்வெட்டுக்காரரான அப்பாவின் இடது கால் முழங்காலோடு போனது. முதலில் எங்கள் தேநீரில் பால் நின்றுபோனது. பிறகு கோழிக்கூண்டு காலியானது. அதற்கும் பிறகு தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசலுக்கு வந்தார். அம்மா காண்டிராக்டில் புல் வெட்டினாள். அந்த வேலைக்குத் தோட்டத்து வீடு கிடையாது.

"மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். இல்லன்னா பால்வெட்டுக்கு மூத்த பொண்ணு பேரக் குடுங்க லா" என்றார்.

மூத்த பொண்ணு நான்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம், கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பிக்கலாமே என்று. வீட்டுக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரத்தில் ரகசியமாக வெட்டிப் பழகினேன். அப்பா அக்குள் கட்டையை ஊன்றி வந்து அந்தக் காயத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது பால் வெட்டுனதா, கொல பண்ணுனதா?"

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, அவரே போய் நின்றார். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம்.

"மேல்வெட்டு நிரையக் குடுங்கய்யா."

மேல்வெட்டு மரவரிசை என்றால் எல்லாரும் ஓடுவார்கள். கிழட்டு மரங்களில் தலைக்கு மேலே, நீளக் கம்பில் கத்தி கட்டிச் சீவ வேண்டும். கழுத்து விட்டுப்போகும், பால் முகத்தில் சொட்டும்.

கிராணி சிரித்தார். "ஒத்தக் கால்லயா?"

"கீழ்வெட்டுக்குத்தான் குந்தணும். இதுக்கு நின்னாப் போதும். நான் நிப்பேன்."

ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். அப்பா சைக்கிளைத் தள்ளி, அதன்மேலேயே சாய்ந்து மேடேறினார். கட்டையை அக்குளில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வெட்டினார். அம்மா புல்லு வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் பால் எடுத்தாள். வாரக் கடைசியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எங்கள் வாளியைத் தராசில் வைத்தார், இறக்கினார், நம்பாமல் மறுபடியும் வைத்தார். அன்று அந்த மலையில் எங்கள் பால்தான் அதிகம். கிராணி பேரேட்டில் அப்பா பேரை எழுதினார். அப்படியொரு பெருமை எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போ லா" என்றார் அப்பா. போனேன். இன்று அதே கணக்குப் பாடத்தைத்தான் நடத்திப் பிழைக்கிறேன். பிள்ளைகள் பாவம்.

அந்த மரங்கள் இப்போது இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பச்சை விளக்கு விழுந்து லாரி போனதும், நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். அப்பா வழக்கம்போல ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார், சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார், தன் பேரில் இருக்கிற வீட்டைத் திறந்தார். காலி பண்ணச் சொல்ல இனி ஒரு கிராணியும் வரமாட்டான்.